சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சி உத்தியோகம் தேடும் முறை

விவசாயக் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குச் சென்று விஞ்ஞானத்தில் பட்டம் பெற்ற ஆண்மக்களும் பெண்மக்களும் இன்று அநேக கிராமங்களில் உள்ளனர். அவர்களுள் சிலர் ஆராய்ச்சித் துறையில் புக விரும்புகின்றனர். அவ்விருப்பம் போற்றத்தக்கதே. ஆனால் ஆராய்ச்சி உத்தியோகம் என்பது யாது, அது எங்கே கிடைக்கும், எவ்வழியாகக் கிடைக்கும், எத்தனை காலம் நிலைக்கும் என்பவற்றைப் பெற்றோர் பெரும்பாலும் அறியார். இந்த அறியாமையால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. தகுதியுள்ள பிள்ளை உரிய காலத்தில் விண்ணப்பம் செய்யாமல் வாய்ப்பை இழப்பது ஒன்று. "பல்கலைக்கழகத்தில் வேலை வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகனிடம், நிலத்தை ஈடு வைத்துப் பெற்ற பணத்தைக் கொடுத்து ஏமாறுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கு வேண்டிய விவரங்கள் கீழே கூறப்படுகின்றன. கோயமுத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிற சர்வகலாசாலைகளுக்கும் இவற்றுள் பெரும்பாலானவை பொருந்தும்.

ஆராய்ச்சி நடைபெறும் இடங்கள்

சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டில் ஒரு விவசாயப் பள்ளி ஏற்பட்டது. அது 1906-ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டு, கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமுமாக வளர்ந்தது. 1971-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கோயமுத்தூரைத் தவிர மதுரை, கிள்ளிகுளம், பெரியகுளம், மேட்டுப்பாளையம் முதலிய ஊர்களிலும் அதற்குக் கல்லூரிகள் உண்டு. ஆடுதுறை, அம்பாசமுத்திரம், திரூர் முதலிய இடங்களிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையங்கள் விவசாயிகள் நன்கறிந்தவை. ஏ.டி.டி., ஏ.எஸ்.டி., டி.கே.எம். என்ற எழுத்துக்களோடு வரும் நெல் ரகங்கள் அந்நிலையங்களின் பெயரைத் தாங்கியவையே.

பல்கலைக்கழகத்தைச் சேராத ஆராய்ச்சி ஸ்தாபனங்களும் உள்ளன. இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 1929-ஆம் ஆண்டில் தோன்றியது. கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், திருச்சிராப்பள்ளி வாழை ஆராய்ச்சி மையம், சென்னையிலுள்ள உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் ஆகியவை அதன் கீழ் நடைபெறுகின்றன. கால்நடைத் துறைக்கு 1989-ஆம் ஆண்டிலும், மீன்வளத் துறைக்கு 2012-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகங்கள் ஏற்பட்டன. ஆகவே உத்தியோகம் தேடுவோர் ஒரே ஊரையோ ஒரே வாயிலையோ நம்பியிருக்க வேண்டுவதில்லை.

விவசாயப் பட்டம் இல்லாதார்க்கும் இடம் உண்டு

பி.எஸ்.சி. விவசாயம் படித்தவர்க்கே விவசாய ஆராய்ச்சியில் இடம் என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை. கோயமுத்தூர் கரும்பு நிலையம் 1912-ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே டி. எஸ். வெங்கடராமன் முதலியோர் நாட்டுக் கரும்புடன் காட்டுக் கரும்பைக் கலந்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியால் 1918-ஆம் ஆண்டில் கோ. 205 என்னும் ரகம் வெளிவந்தது. 1930-களில் அதே நிலையத்தில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், தாவர சாஸ்திரம் கற்றுக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருடைய கல்வி கல்லூரி வகுப்போடு நில்லாமல் கரும்பு வயலுக்கும் பயன்பட்டது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றும் இதனை விளக்கும். 2008-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் வட்டாரத்தில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அது விரைவில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகிய பயிர்களில் பரவிப் பெருநஷ்டம் விளைவித்தது. மருந்து தெளித்தும் அது அடங்கவில்லை. 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்ணிய குளவி வரவழைக்கப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதனை அழிப்பது அக்குளவியின் இயல்பு. ஆராய்ச்சிக்கூடங்களில் அதைப் பெருக்கி வயல்களில் விட்டதன் பயனாகப் பூச்சி கட்டுக்குள் வந்தது.

இந்த ஒரு வேலைக்கு எத்தனை வகை அறிவு வேண்டியிருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். புதிதாய்க் கண்ட பூச்சி இன்னதென்று தீர்மானிக்க விலங்கியல் கற்றவர் வேண்டும். முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்குவதற்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேண்டும். அக்குளவி நன்மை செய்யும் பிற பூச்சிகளுக்குத் தீங்கு செய்யுமா என்று சோதிப்பவர் வேண்டும். வயல்தோறும் கணக்கெடுத்து அதைச் சரிபார்க்கப் புள்ளியியல் அறிந்தவரும், மிச்சமான செலவைக் கணிக்கப் பொருளாதாரம் கற்றவரும் வேண்டும்.

மற்ற விஞ்ஞானங்களுக்கும் இவ்வாறே இடம் உண்டு. ரசாயனம் கற்றவர் மண் பரிசோதனையிலும், காய்கறிகளில் தங்கும் மருந்தின் அளவைக் காணும் ஆராய்ச்சிக்கூடத்திலும் பயன்படுவர். பௌதிகம் கற்றவர்க்கு வானிலை ஆராய்ச்சியும், விண்கலப் படங்களைக்கொண்டு பயிர்ப் பரப்பைக் கணிக்கும் வேலையும் உண்டு. நுண்ணுயிரியல் கற்றவர் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களில் ஈடுபடலாம். இயந்திரப் பொறியியல் கற்றவர்க்கு நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் உள்ளன. கணினி கற்றவர்க்குப் பயிர்களின் மரபணு விவரங்களைத் தொகுத்து ஆராயும் துறை திறந்திருக்கிறது.

பட்டா நிலமும் குத்தகை நிலமும்

ஆராய்ச்சி உத்தியோகங்கள் மூவகைப்படும்.

முதலாவது, நிலையான உத்தியோகம். உதவிப் பேராசிரியர், மத்திய ஸ்தாபனங்களில் விஞ்ஞானி ஆகிய பதவிகள் இதில் அடங்கும். விவசாயப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கற்பித்தல், ஆராய்ச்சி செய்தல், கண்டதை விவசாயிகளிடம் சேர்த்தல் ஆகிய மூன்றையும் செய்யக் கடமைப்பட்டவர். இப்பதவிகள் சிலவே. அவற்றுக்கு முதுகலைப் பட்டமும் நெட் என்னும் தேசியத் தகுதிப் பரீட்சையில் தேறுதலும், அல்லது டாக்டர் பட்டமும் வேண்டப்படுகின்றன.

இரண்டாவது, உதவித் தொகை. இது சம்பளமன்று. பரீட்சையில் தேறியவர் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் காலத்தில் அவருடைய ஜீவனத்துக்காக அளிக்கப்படுவது.

மூன்றாவது, திட்ட உத்தியோகம். ஒரு பேராசிரியர் ஒரு குறிப்பிட்ட கேள்வியை ஆராய்வதற்கு மத்திய அரசிடமிருந்தோ, மாநில அரசிடமிருந்தோ, நபார்டு போன்ற வங்கியிடமிருந்தோ, கம்பெனியிடமிருந்தோ பணம் பெறுகிறார். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனமும் இவ்வாறு பணம் அளிப்பதாகும். அப்பணத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இளநிலை ஆராய்ச்சியாளர், முதுநிலை ஆராய்ச்சியாளர், திட்ட உதவியாளர் முதலியோர் நியமிக்கப்படுகின்றனர். புதிதாய்ப் பட்டம் பெற்றவர்க்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இதுவே.

நிலம் உடையவர்க்கு இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். நிலையான உத்தியோகம் பட்டா நிலம். திட்ட உத்தியோகம் குத்தகை நிலம். குத்தகைக் காலம் தீர்ந்தவுடன் நிலத்தை ஒப்படைத்து விடவேண்டும். பல ஆண்டு உழுதேன் என்று உரிமை கோர இயலாது. நியமன உத்தரவிலும், திட்டம் முடிந்தவுடன் வேலையும் முடிந்துவிடும், நிரந்தரம் கோர உரிமை இல்லை என்று எழுதியிருக்கும். பெற்றோர் அவ்வுத்தரவை முழுதும் படித்துப் பார்த்தல் நலம். "யூனிவர்சிட்டியில் அரசாங்க வேலை" என்று ஊரில் சொல்லி, அதை நம்பிக் கடன் வாங்குவதும் கலியாணப் பேச்சு நடத்துவதும் பின்னால் மனவருத்தத்துக்கு இடமாகும்.

ஆயினும் குத்தகை நிலத்தில் உழைத்தவன் வெறுங்கையோடு வெளியேறுவதில்லை. விளைச்சலில் அவன் பங்கு அவனுடையது. திட்ட உத்தியோகத்தில் அப்பங்கு யாதெனில், கற்ற ஆராய்ச்சி முறை, ஆராய்ச்சிப் பத்திரிகையில் தன் பெயரோடு வெளிவந்த கட்டுரை, பேராசிரியரின் நற்சான்று, இயலுமாயின் டாக்டர் பட்டத்துக்கான பதிவு ஆகியவை. இவற்றைச் சேர்த்துக்கொண்டவர்க்கு அடுத்த இடம் கிடைப்பது எளிது. மாதச் சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மூன்று ஆண்டைக் கழித்தவர் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்.

பரீட்சைகளின் பெயர்க் குழப்பம்

'ஜே.ஆர்.எஃப்.' என்ற ஒரே பெயர் மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது. இதனால் பலர் மயங்குகின்றனர்.

இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் ஜே.ஆர்.எஃப். என்பது விவசாயம் முதலிய துறைகளில் முதுகலை வகுப்புப் படிப்பதற்கான உதவி. விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்து அளிக்கும் ஜே.ஆர்.எஃப். என்பது முதுகலை முடித்தபின் டாக்டர் பட்டத்துக்கான உதவி. திட்டங்களில் ஜே.ஆர்.எஃப். என்பது மேலே கூறிய குத்தகை உத்தியோகத்தின் பெயர். விளம்பரத்தில் இவ்வெழுத்துக்களைக் கண்டால், இம்மூன்றில் எது என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் பட்டத்துக்கான நெட் பரீட்சை உயிரியல், ரசாயனம், பௌதிகம், கணிதம், பூமியும் வளிமண்டலமும் கடலும் சார்ந்த விஞ்ஞானம் என ஐந்து பிரிவுகளில் நடைபெறுகிறது. 2024-ஆம் ஆண்டு முதல் இதன் மதிப்பெண் டாக்டர் பட்ட வகுப்பில் சேர்வதற்கும் கொள்ளப்படுகிறது. விவசாயத் துறைகளில் ஆசிரியராவதற்குரிய நெட் பரீட்சையை 1973-ஆம் ஆண்டில் ஏற்பட்ட விவசாய விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்துகிறது. இதில் தேறினால் தகுதி உண்டாகும். உதவித் தொகை வாராது. அவ்வாரியமே மத்திய ஸ்தாபனங்களுக்கு விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சையையும் நடத்துகிறது.

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டில் திருத்தியபடி, பரீட்சையில் தேறிய இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை அடைந்தவர்க்கு 42,000 ரூபாயும், இவற்றோடு வீட்டு வாடகைப் படியும் ஏற்பட்டன. பரீட்சையில் தேறாமல் திட்டத்தில் சேர்பவர்க்கு இதைவிடக் குறைந்த தொகையே கிடைக்கும். ஆதலால், முதுகலை இறுதி ஆண்டிலேயே நெட் பரீட்சைக்கு உழைப்பது, பட்டம் பெற்றபின் அலைவதிலும் லாபகரமானது.

விளம்பரம் காணுதலும் விண்ணப்பம் செய்தலும்

திட்ட உத்தியோகங்களின் விளம்பரம் பத்திரிகைகளில் எப்போதும் வருவதில்லை. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஓர் ஓரத்தில் வெளியாகி, சில நாட்களிலேயே நேர்முகத் தேர்வு நடந்துவிடுவதும் உண்டு. ஆகையால் வாரம் ஒருமுறை தவறாமல் பார்த்து வருவதே முறை. பல்கலைக்கழகம், மேற்கூறிய மத்திய ஸ்தாபனங்கள், கிருஷி விஞ்ஞான கேந்திரங்கள் ஆகிய ஒவ்வொன்றின் இணையதளத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும். அத்தகைய கேந்திரங்களுள் முதலாவது 1974-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் இப்பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஏற்பட்டதாகும்.

விளம்பரத்துக்குக் காத்திராமல் முன்னதாகச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. எந்தப் பேராசிரியர் எந்தப் பொருளை ஆராய்கிறார் என்று அவருடைய கட்டுரைகளிலிருந்து அறிந்து, அவற்றுள் இரண்டையாவது படித்து, தான் கற்றதும் செய்யக் கூடியதும் இவை என்று சுருக்கமாக ஒரு கடிதம் எழுதலாம். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதால் பயனில்லை. கடிதத்தில் குடும்பக் கஷ்டத்தை விரித்தெழுதுவதும், பிரமுகர்களின் சிபாரிசைக் குறிப்பிடுவதும் வேண்டா. ஆராய்ச்சியாளர் அறிய விரும்புவது, வருபவர் எந்தக் கருவியைக் கையாளத் தெரிந்தவர், எந்த முறையைச் செய்து பழகியவர் என்பதே.

நேர்முகத் தேர்வில், பட்ட வகுப்பில் தாம் செய்த ஆராய்ச்சியைப்பற்றி ஏன் செய்தார், எவ்வாறு செய்தார், என்ன கண்டார் என்று வினவுவர். அதைத் தெளிவாகச் சொல்லத் தெரியாதவர் பலர். விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர்க்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. நாற்று, பாய்ச்சல், களை, பூச்சி இவை அவருக்குப் புத்தகச் சொற்களல்ல. ஆனால் "எங்கள் வயலில் பார்த்திருக்கிறேன்" என்று சொல்வது மட்டும் போதாது. எந்தப் பட்டத்தில், எந்த ரகத்தில், எத்தனை நாட் பயிரில், எவ்வளவு சேதம் என்று அளந்து சொல்பவரே ஆராய்ச்சிக்குத் தகுந்தவராகக் கருதப்படுவார். ஆதலால் படிக்கும் காலத்திலேயே சொந்த வயலில் கண்டவற்றைத் தேதியிட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் மிக்க பயன் தரும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

முற்காலத்தில் முன்சீபும் கர்ணமும் பார்த்த வேலையை இப்பொழுது கிராம நிர்வாக அலுவலர் பார்த்து வருகிறார். அவருடைய அறிக்கையின்மேல்தான் தாசில்தார் சான்று வழங்குகிறார். ஆராய்ச்சி விண்ணப்பங்களில் இதுபற்றி ஏற்படும் தவறுகள் சில பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கக்கூடும்.

பிற்பட்ட வகுப்பினர்க்கு மாநில அரசின் சாதிச் சான்று வேறு. மத்திய அரசுக்குரிய ஓ.பி.சி. சான்று வேறு. மத்தியப் பரீட்சைகளுக்கும் மத்திய ஸ்தாபனங்களுக்கும் பின்னதே வேண்டும். அச்சான்றுக்குப் பெற்றோருடைய ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் என்ற வரம்பைத் தொடர்ந்து மூன்று ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. ஆனால் இவ்வருமானத்தைக் கணக்கிடும்போது விவசாய நிலத்திலிருந்து வரும் வருமானத்தைச் சேர்க்கலாகாது, சம்பளத்தையும் சேர்க்கலாகாது. 1993-ஆம் ஆண்டு உத்தரவில் இது தெளிவாக உள்ளது. நெல்லும் கரும்பும் விற்ற பணத்தைச் சேர்த்து எழுதினால், சான்றுக்கு உரியவர் அதை இழக்க நேரும். காப்பி, தேயிலை, ரப்பர்த் தோட்டங்களின் வருமானம் மட்டும் கணக்கில் சேரும்.

நிலத்துக்கு வருமானத்தைச் சாராத தனி அளவு ஒன்று உண்டு. குடும்பத்தின் பாசன நிலம் மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் இச்சலுகை இல்லை. தமிழ்நாட்டில் ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் ஆகும். முழுவதும் மானாவாரி நிலமே உடையவர்க்கு இத்தடை இல்லை.

எந்த இட ஒதுக்கீட்டிலும் சேராதவர்க்கு மத்திய அரசு அளிக்கும் பொருளாதார நலிவுச் சான்றின் விதி இதற்கு மாறானது. அதில் விவசாய வருமானமும் சேரும்; 5 ஏக்கரோ அதற்கு மேலோ விவசாய நிலம் உடைய குடும்பத்துக்கு, வருமானம் எவ்வளவு குறைவாயினும், அச்சான்று இல்லை. இவ்விரு விதிகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் அறிக்கை எழுதவேண்டும். சான்று எந்த ஆண்டுக்குரியதாக இருக்கவேண்டும் என்பதை விளம்பரத்தில் பார்த்து, கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே பெற்றோர் மனுச் செய்தல் நலம்.

தரகர்களைப்பற்றிய எச்சரிக்கை

ஆராய்ச்சி உத்தியோகத்தை விலைக்கு விற்க எவருக்கும் அதிகாரம் இல்லை. விண்ணப்பக் கட்டணம் விளம்பரத்தில் கண்ட வழியில், ஸ்தாபனத்தின் கணக்குக்கே செலுத்தப்படும். தனி மனிதர் கணக்குக்குப் பணம் கேட்டாலும், முத்திரையிட்ட உத்தரவைக் கைப்பேசியில் காட்டி முன்பணம் கேட்டாலும் அது மோசடி என்றே கொள்ளவேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணைய முகவரி பெரும்பாலும் 'ஏசி.இன்' என்று முடியும். ஐயமுள்ள உத்தரவை அதில் கையெழுத்திட்டதாகக் காணும் அலுவலகத்துக்கே நேரில் எடுத்துச் சென்று விசாரிக்கலாம். ஒரு நாள் பஸ் செலவு, ஓர் ஏக்கர் நிலத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மூன்றாண்டில் முடியும் திட்ட உத்தியோகத்துக்காகப் பல லட்சம் கொடுப்பவர், அது உண்மையாகவே கிடைத்தாலும், கொடுத்ததைச் சம்பாதிக்கும் முன் வேலை முடிந்துவிடும். குத்தகைக்கு வரும் நிலத்தைக் கிரய விலை கொடுத்து வாங்கும் விவசாயி எவரும் இல்லை.

குடும்பத்தின் கணக்கு

பி.எஸ்.சி. விவசாயம் நான்கு ஆண்டு. முதுகலை இரண்டு ஆண்டு. டாக்டர் பட்டத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாது, பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும். எனவே நிலையான உத்தியோகத்துக்குத் தகுதி பெறும்போது பிள்ளைக்கு 27 அல்லது 28 வயதாகியிருக்கும். அதன் பின்னும் பதவி கிடைக்கும் என்பது உறுதியன்று. தென்னை வைத்தவன் காய்ப்புக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்க இயலுமா என்பதைக் குடும்பம் முன்னரே ஆலோசித்துக்கொள்ள வேண்டும். இயலாதாயின், முதுகலையோடு நிறுத்தி, விதை, உரம், உணவு பதப்படுத்தல் முதலிய துறைகளிலுள்ள கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளிலும், மாநில விவசாய இலாகாவிலும், வங்கிகளிலும் வேலை தேடுவது குறைவாகாது. இயலுமாயின், இடையில் "இன்னும் எத்தனை நாள் படிப்பாய்" என்று கேட்டுப் பிள்ளையைத் தளர்விக்கலாகாது. பெண்மக்கள் விஷயத்தில் இக்கேள்வி மிகுதியாக எழுகிறது. டாக்டர் பட்டத்தின் நடுவில் நிறுத்தப்பட்ட பெண்ணின் நான்கு ஆண்டு உழைப்பு, கதிர் முற்றும் தறுவாயில் நீர் நிறுத்திய பயிருக்கு ஒப்பாகும்.

சுருக்கம்

எந்த ஸ்தாபனத்தில் எந்த ஆராய்ச்சி நடக்கிறது என்று அறிதல். நெட் முதலிய பரீட்சைகளுக்கு உரிய காலத்தில் உழைத்தல். விளம்பரங்களை வாரந்தோறும் பார்த்தல். சான்றுகளை முன்கூட்டியே, சரியான விதிப்படி பெறுதல். நியமன உத்தரவின் காலவரையை உணர்ந்து, அக்காலத்துக்குள் கட்டுரையும் பட்டமும் சேர்த்துக்கொள்ளுதல். எவருக்கும் பணம் கொடாதிருத்தல் ஆகிய இவையே ஆராய்ச்சி உத்தியோகம் தேடுவோர் கைக்கொள்ள வேண்டியவை. கிராம அதிகாரிகளும் படித்த விவசாயிகளும் இவ்விவரங்களைத் தத்தம் ஊரிலுள்ள பட்டதாரிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் எடுத்துக் கூறினால், தகுதியுள்ள பிள்ளைகள் வாய்ப்பிழக்காமலும், உழைத்துச் சேர்த்த நிலம் தரகர் வாயில் போகாமலும் இருக்கும்.